நூற்றுக்கு எவ்வளவு

அஸ்தம்பட்டியில் ஒரு மாடியறை. கீழே இஸ்திரிக் கடை.
முதல் நாள் படியேறும்போதே
சூட்டுத்துணி வாசம் மூக்கில் ஏறி
பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
பிரேக் லைனிங் கருகினால் இப்படித்தான் மணக்கும்,
கொஞ்சம் இனிப்பாக.

நிலோபர் மேடம் இறங்கிவந்து
பக்கத்தில் உட்கார்ந்தார்.
'பயம் இப்போ நூற்றுக்கு எவ்வளவு?'
தொண்ணூற்றைந்து என்றேன்.
பள்ளிக்கூடத்தில் நான் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை.

கண்ணை மூடி, நடந்ததை
நடக்கிறதுபோலச் சொல்லணும்.
'ஓட்டினேன்' கூடாது. 'ஓட்டுகிறேன்.'
அதில் எனக்குச் சிரமமே இல்லை.
பதினாலு மாசமாக என்னிடம் இறந்தகாலம் கிடையாது.
சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஓட்டுகிறேன்.
மாதேஸ்வரி பெயர் சொல்லிக் கூப்பிடும்போது
அவளைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

காப்பிக்கொட்டை மூட்டைகளோடு இறங்குகிறேன்.
சில்வர் ஓக் நிழல் கண்ணாடியில்
பட்டை பட்டையாய் விழுகிறது.
இடப்பக்கம் கிளீனர் வீரபத்திரன்
மிளகாய் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரிக்கிறான்.
மிதிக்கிறேன்.
மிதித்த பெடல் உள்ளேயே நிற்கிறது.
கியரைக் குறைக்கிறேன்.
அப்புறம் ஆஸ்பத்திரி, குளுக்கோஸ் பாட்டில்.

சொன்னதைப் போனில் பதிந்து கொடுத்தார்.
தினம் ஒருமுறை கேட்கணும். வீட்டுப்பாடம்.
வீட்டில் முடியாமல்
குரங்குச்சாவடிப் பாலத்தடியில் பைக்கை நிறுத்தி
ஹெல்மெட்டுக்குள் கேட்டேன் என் குரலை.
ஆறாம் நாள் பிடிபட்டது:
கியருக்கும் குளுக்கோசுக்கும் நடுவில்
மலைச்சாலையில் ஒரு வளைவைக் காணோம்.

மேடத்துக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.
அவசரப்படுத்தவில்லை.

ஒன்பதாவது தடவை அங்கே வந்தேன்.
'கல்லு போட்றா' என்று கத்துகிறேன்.
கத்துகிறேன்.
அவன் பஜ்ஜியைக் கீழே போடவில்லை, சீட்டில் வைக்கிறான்.
வைத்துவிட்டுக் குதிக்கிறான்.
கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்
சக்கரத்துக்கு முன்னால்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அந்த இரண்டு வார்த்தையை
நான் போலீசிடம் சொன்னதில்லை, வீட்டில் சொன்னதில்லை.
'வேற என்ன சொல்லியிருக்க முடியும்?' என்றார்.
ஆறுதலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.
யோசித்தேன்.
கியர் பார்த்தாச்சு, ஹேண்ட்பிரேக் இழுத்தாச்சு.
மலைப்பக்கம் ஒடிக்க, ஏறிவருகிற பஸ்.
மூட்டைமேல் காப்பி பறிக்கும் பெண்கள்
ஏழு பேர்.
ஏழு பேர். அவர்களை இதுவரை நான் எண்ணியதே இல்லை.

படியிறங்கும்போது இஸ்திரிக்காரர்
யாருடைய பள்ளிச் சட்டைக்கோ கரி அள்ளிப் போட்டார்.
நின்றேன். அறுபது. ஐம்பத்தைந்து.

அடுத்தது ரோடு.
அடிவாரம் செக்போஸ்ட் வரைக்குமே ஒரு வாரம் ஆனது.
நின்ற இடத்தில் பயம் பாதியாகும் வரை
திரும்பக் கூடாது, அதுதான் விதி.
மூன்றாம் வளைவில் ஒரு குரங்கு
மேடத்தின் ஸ்கூட்டர் பையைத் திறந்து
மார்க் எழுதிய தாளைத் தூக்கிக்கொண்டு மரமேறியது.
என் எழுபதும் எண்பதும்
கிளையில் உட்கார்ந்து கிழிபட்டதைப் பார்த்து
அவர்தான் முதலில் சிரித்தார்.

போன ஞாயிறு
மாதேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
'அன்னைக்கு நான் அவனைக் கல்லு போடச் சொல்லிக் கத்தினேன்' என்றேன்.
கத்தினேன்.
யாரும் திருத்தாமல் வாயில் வந்துவிட்டது.
அவள் கத்தியை வைக்கவில்லை.
'ம், அப்புறம்?' என்றாள், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

இப்போது எட்டாம் வளைவில் இருக்கிறோம்.
இருபதையும் தாண்டி, நாகலூரில்
வீரபத்திரனின் அம்மா இருக்கிறார்.
அங்கே போவதற்கு எவ்வளவு போடுவீங்க என்று கேட்டார் மேடம்.
நூற்றுக்குள்ளேதான் சொல்லணுமா என்றேன்.